அரைப்பேரும் அரைப் பாடசாலையும்

இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலே ஒரு நாள் வேலைக்குப் ‘பேர்’ என்று பெயர். விடியுமுன் பெரட்டுக் களத்தில் நின்று, மலைக்குப் போய், தோட்டம் விதித்த நிறையளவு கொழுந்தைக் கொடுத்தவளுக்குச் செக்ரோலில் ஒரு பேர் விழும். நிறை குறைந்தால் அரைப்பேர். பாதி நாளில் திரும்பினாலும் அரைப்பேர். “இந்த மாதம் உனக்கு எத்தனை பேர்?” என்று ஒருத்தி மற்றொருத்தியைக் கேட்டால், அவள் வீட்டில் எத்தனை ஆட்கள் என்று கேட்பதாக வெளியூரார் எண்ணிக்கொள்வர். எத்தனை நாட் கூலி என்பதே அதன் பொருள். மனிதனுடைய பெயரும் அவனுடைய கூலியும் ஒரே சொல்லாகிவிட்ட இடம் உலகத்தில் வேறு எங்கேனும் உண்டோ, நான் அறியேன்.

இந்தச் சொல்லை முதலில் எடுத்து வைப்பதற்குக் காரணம் உண்டு. மாணவர்கள் விடுமுறைக் காலத்தில் பகுதிநேர வேலை தேடிக்கொள்வதைப் பற்றி இக்காலத்தில் நிறையப் பேசப்படுகிறது. உழைப்பின் அருமை தெரியும், தன்னம்பிக்கை வளரும், கைச்செலவுக்குக் காசு கிடைக்கும் என்கிறார்கள். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கோடை விடுமுறையிலே பழம் பறிக்கவும், உணவுச்சாலையில் தட்டுக் கழுவவும் போகின்ற பதினாறு வயதுப் பிள்ளையை மனத்தில் வைத்துச் சொல்லப்படும் வார்த்தைகள் இவை. அவற்றில் பொய் ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பிள்ளைக்கு வேலைக்குப் போகுமுன்பே ஒரு பாடசாலை இருக்கிறது. விடுமுறை என்று ஒன்று இருக்கிறது. சம்பாதிக்கும் காசு பெரும்பாலும் அதன் கையிலேயே தங்குகிறது. விடுமுறை முடிந்ததும் அதன் இடம் வகுப்பில் காத்திருக்கிறது. ஹட்டனிலும் நுவரெலியாவிலும் தலவாக்கலையிலும் உள்ள தோட்டத்துப் பிள்ளையின் வரலாறு இவ்வாறு தொடங்கவில்லை. அங்கே நூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பகுதிநேரமாக இருந்தது வேலையன்று, படிப்பு.

தொடக்கத்தில், பருவகால வேலை என்பதே மலைநாட்டுக்கு ஆள் வந்த வழி. தேயிலைக்கு முன்னே கோப்பி இருந்தது. கோப்பிப் பழம் ஆண்டின் பிற்பகுதியில் ஒருசேரப் பழுக்கும். அந்தச் சில மாதங்களுக்குத் திருச்சி, மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து ஆட்கள் கடல் தாண்டி, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். வழியிலே வாந்திபேதியாலும் பசியாலும் மாண்டவர்கள் பலர். மிஞ்சியவர்கள் பழம் பறித்துக் கொடுத்துவிட்டு ஊர் திரும்பினார்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். பிள்ளைகளும் பெண்களும் ஊரிலேயே இருந்தனர். கோப்பிக்குக் குடும்பம் தேவைப்படவில்லை.

1869இல் கோப்பி இலையில் நோய் கண்டது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 1867இல், ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பி ஒழிந்து தேயிலை மலை முழுவதையும் மூடியது. செடி மாறியதோடு மனித வாழ்க்கையின் கணக்கே மாறிற்று. தேயிலைக்கு அறுவடைக் காலம் என்று ஒன்று இல்லை. ஏழு எட்டு நாட்களுக்கு ஒருமுறை அதே செடி மீண்டும் துளிர்க்கும். துளிர்த்ததைக் கிள்ளியே ஆக வேண்டும். ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும். அதுவும் மலிவான ஆள், நெருங்கிய செடிகளுக்கிடையே நுழைந்து துரிதமாகக் கிள்ளும் ஆள் வேண்டும். துரைமார் பெண்ணைக் கண்டார்கள். பெண்ணோடு பிள்ளையையும் கண்டார்கள். பருவத்துக்கு வந்துபோன கூட்டம் பத்தடி நீளமும் பன்னிரண்டடி அகலமுமான லயக் காம்பிராவில் குடும்பமாகக் குடியேறியது. அன்று முதல் தோட்டத்துப் பிள்ளை பிறக்கும்போதே தோட்டத்தின் ஆள்.

பெரிய கங்காணிக்கும் இதில் இலாபம் இருந்தது. அவன் கொண்டுவந்த ஆட்களில் எத்தனை பேர் அன்றன்று வேலைக்கு இறங்கினார்களோ அத்தனைக்கும் அவனுக்குத் தலைக்காசு உண்டு. பிள்ளை இறங்கினாலும் கணக்கில் ஓர் ஆள்தான். சில தோட்டங்களில் லயத்து வாசலிலே பிள்ளைகளைக் கூட்டி வைத்து அகரம் சொல்லிக் கொடுத்தவர்களும் கங்காணிகளும் எழுத்தறிந்த தொழிலாளிகளுமே என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். காலையில் பிள்ளையை மலைக்கு ஓட்டுகிறவனே பிற்பகலில் அதற்கு வாத்தியார்! லயப் பள்ளிக்கூடம் என்று அழைக்கப்பட்ட அந்தப் பள்ளிகளை இகழ்ந்து பேசுவது எளிது. எனினும் மலைநாட்டில் தமிழ் எழுத்து உயிரோடு இருந்ததற்கு அவையும் ஒரு காரணம். 1854இல் தொடங்கப்பட்ட தமிழ்க் கூலி மிஷனும் பிற கிறிஸ்தவ சபைகளும் நடத்திய பள்ளிகளைத் தவிர வேறு பாடசாலை அன்று தோட்டத்தில் இல்லை.

பாடசாலை நேரம் எப்போது? அது மணிக்கூட்டைப் பொறுத்ததன்று, கொழுந்தைப் பொறுத்தது. வேலைக்குப் போகும் வயதுப் பிள்ளைகள் மலையிலிருந்து இறங்கியபின் படிக்க வரலாம். அல்லது காலையில் சிறிது நேரம் படித்துவிட்டு மலைக்கு ஏறலாம். கொழுந்து கூடிவிட்டால் அன்று படிப்பில்லை. அரைநாள் வேலை, அரைநாள் படிப்பு என்று சொன்னால் நியாயமாகத்தான் தோன்றுகிறது. ஆனால் மலையேறி இறங்கிய பத்து வயதுப் பிள்ளை பிற்பகல் மூன்று மணிக்குப் பலகையின் முன்னே உட்கார்ந்து எதைக் கற்கும்? தூக்கத்தைத்தான் கற்கும்.

இந்த ஏற்பாடு துரைமார் புதிதாகக் கண்டுபிடித்ததன்று. அவர்கள் பிறந்த நாட்டிலிருந்தே வந்தது. 1844ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் தொழிற்சாலைச் சட்டம் எட்டு வயது முதல் பதின்மூன்று வயது வரையுள்ள பிள்ளைகள் அரைநாள் ஆலையிலும் மீதி நேரம் பள்ளியிலுமாக இருக்க வழி செய்தது. ‘அரைநேரக்காரர்’ என்று அப்பிள்ளைகளுக்குப் பெயர். லங்காஷயர் பஞ்சாலைகளில் தலைமுறை தலைமுறையாக அரைநேரக்காரர்கள் வளர்ந்தார்கள். மார்க்ஸ் இந்தச் சட்டத்தை ‘மூலதன’த்தில் ஆராய்கின்றபோது இரண்டு பக்கமும் பார்க்கிறார். உழைப்பையும் கல்வியையும் இணைப்பதிலே எதிர்காலக் கல்வியின் வித்து இருக்கிறது என்று ராபர்ட் ஓவனை நினைவுகூர்ந்து சொல்கிறார். அந்த வித்தை முதலாளியின் இலாபம் எப்படிப் பதராக்குகிறது என்பதையும் அவரே காட்டுகிறார். 1937இல் வார்தாவில் காந்தியடிகள் ஆதாரக் கல்வியை முன்வைத்தபோதும் கைத்தொழிலைப் பாடசாலைக்குள் கொண்டுவரத்தான் விரும்பினார். வேலை பாடசாலைக்குள் வருவது ஒன்று. பாடசாலையை வேலை விழுங்குவது வேறு. முற்போக்கு ஆசிரியர்களில் சிலரே இவ்விரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். ஆகையால்தான் இதைச் சற்று அழுத்திச் சொல்கிறேன்.

இங்கிலாந்தில் அரைநேர முறையை 1918ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் ஒழித்தது. 1921இல் ஜெனீவாவில் கூடிய சர்வதேசத் தொழில் மாநாடு, பாடசாலை நேரத்தில் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளையை விவசாய வேலைக்கு வைக்கலாகாது என்று ஓர் உடன்படிக்கை செய்தது. அறுவடைக் காலத்தை ஒட்டிப் பாடசாலை நாட்களை மாற்றியமைத்துக்கொள்ளலாம்; ஆனால் ஆண்டில் எட்டு மாதத்துக்குக் குறையாமல் பிள்ளை பள்ளியில் இருக்க வேண்டும் என்றது. பருவகால வேலைக்கு இடம் கொடுத்து, அதற்கு ஓர் எல்லையும் கட்டிய அறிவுள்ள விதி அது. ஆண்டு முழுவதும் அறுவடை நடக்கும் தேயிலை மலைக்கு அந்த விதியை எப்படிப் பொருத்துவது?

இலங்கையில் என்ன நடந்தது? 1907ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கக் கிராமப் பாடசாலைச் சட்டம் தோட்டப் பிள்ளைகளின் கல்வியை முதன்முதலாகச் சட்டத்தின் கண்ணுக்குக் கொண்டுவந்தது. 1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் தோட்டத்தில் பாடசாலை நடத்துவதைத் துரையின் கடமையாக்கியது. யாருக்கு? ஆறு வயது முதல் பத்து வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு. ஏழு ஆண்டுகள் சென்று, 1927இல், 27ஆம் இலக்கக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. தன் மக்களைக் கடல் கடந்து அனுப்பிய இந்திய அரசாங்கத்தின் நெருக்குதல் அதற்கு ஒரு முக்கிய காரணம். பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளையை வேலைக்கு வைக்கக் கூடாது என்று அது சொல்லிற்று. இரண்டு சட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பாடசாலையின் பின்கதவும் பெரட்டுக் களத்தின் முன்கதவும் ஒரே நிலையில் பொருத்தப்பட்டிருக்கின்றன. பத்தாவது பிறந்த நாளன்று பிள்ளை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தள்ளப்படும். உயர்தரப் பாடசாலை மாணவன் என்ற மனிதன் அந்தச் சட்டங்களின் கற்பனையிலேயே இல்லை.

அக்கூலிச் சட்டத்தின்படி 1929இல் மலைநாட்டின் உயர்ந்த பகுதிகளுக்கு விதிக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். தகப்பன், தாய், ஒரு பிள்ளை மூவரும் வேலைக்குப் போனால் ஒரு நாளைக்கு ஒரு ரூபாய் 29 சதம். பிள்ளையை நிறுத்திவிட்டால் 97 சதம். அதாவது பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் தாய், குடும்ப வருமானத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கைக் கையிலிருந்து விட வேண்டும். 1931 முதல், உலக மந்தத்தின் பெயரால், இந்தக் கூலியும் குறைக்கப்பட்டது. தோட்டத்துப் பெற்றோருக்குப் படிப்பின் அருமை தெரியாது என்று நகரத்துக் கனவான்கள் எழுதிய கட்டுரைகள் எத்தனையோ உண்டு. அந்தக் கனவான்களில் எவரும் தம் சம்பளத்தில் நான்கில் ஒன்றை மகனின் அகராதிக்காக விட்டுக்கொடுத்ததாகக் கேள்விப்படவில்லை.

பிள்ளைகள் செய்த வேலைதான் என்ன? கொழுந்து கிள்ளுவதும் புல் பிடுங்குவதும் எல்லாரும் அறிந்தவை. அதிகம் பேசப்படாத ஒன்றைச் சொல்கிறேன். தேயிலை இலைகளைச் சுருட்டி அதற்குள் வாழும் டோட்ரிக்ஸ் என்ற புழு அக்காலத்துத் தோட்டங்களுக்குப் பெரும் பீடை. மருந்தடிக்கும் வழக்கம் வருமுன், அதன் முட்டைக் குவியல்களைச் செடி செடியாகத் தேடிப் பொறுக்குவதே பரிகாரம். இலையோடு இலையாக ஒட்டியிருக்கும் முட்டையைக் காணக் கூர்மையான கண் வேண்டும்; அதைப் பிள்ளைகளிடம் விட்டார்கள். 1935ஐ ஒட்டி ஜாவாவிலிருந்து ஒரு சிறு குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். அது அந்தப் புழுவின் உடலில் முட்டையிட்டு அதை அழிக்கும். பீடை அடங்கியது, பொறுக்கும் வேலையும் அருகியது. சட்டசபை செய்யாததை ஒரு குளவி செய்தது என்று சொன்னால் சிரிப்பு வருகிறது. ஆனால் முட்டை பொறுக்கிய பிள்ளை பள்ளிக்குப் போகவில்லை, கொழுந்துக்குத்தான் போயிற்று.

1945 அக்டோபரில் கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்தது. பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை கட்டணமில்லை என்ற அந்தப் பெரிய கதவு நாட்டின் ஏழைப் பிள்ளைகளுக்குத் திறந்தபோது, தோட்டப் பாடசாலைகளில் மிகப் பல தோட்ட நிர்வாகத்தின் கையிலேயே, ஐந்தாம் வகுப்போடு, ஒரு மண்டபமும் ஓர் ஆசிரியருமாகக் கிடந்தன. ஆறாம் வகுப்பு வேண்டுமானால் ஹட்டனுக்கோ நுவரெலியாவுக்கோ நடக்க வேண்டும். மூன்று ஆண்டுகளுக்குள், 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கிற்று. வாக்குரிமையும் தொடர்ந்து பறிபோயிற்று. 1947 தேர்தலில் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் சென்ற சி. வி. வேலுப்பிள்ளை, மடக்கும்புரத் தோட்டத்தில் பிறந்தவர், ஆசிரியராக இருந்தவர், கவிஞர். 1952 தேர்தலில் அவரை அனுப்பிய மக்களுக்கு வாக்கே இல்லை. பாடசாலை கேட்பதற்குப் பாராளுமன்றத்தில் ஒரு குரல் வேண்டுமல்லவா? 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று கணக்கெழுதியது. போகப் போகிறவனுடைய பிள்ளைக்கு எவர் பாடசாலை கட்டுவார்?

இந்த இருட்டிலும் சிலர் படித்தார்கள். ஹட்டன் ஹைலண்ட்ஸ் கல்லூரி போன்ற ஒரு சில பாடசாலைகளே அவர்களுக்குக் கதி. அங்கே ஆசிரியராயிருந்த இர. சிவலிங்கம் போன்றோர் அறுபதுகளில் மலையக இளைஞருக்குத் தாம் யார் என்று எண்ணக் கற்பித்தனர். அந்தத் தலைமுறை மாணவன் சனி ஞாயிறுகளில் என்ன செய்தான் என்று அவர்களில் எவரைக் கேட்டாலும் ஒரே விடைதான்: கைக்காசுக்குக் கொழுந்தெடுத்தான். ஞாயிற்றுக்கிழமைகளிலும் கொழுந்து கூடிய காலங்களிலும், செக்ரோலில் பேர் போடாமல், எடுத்த நிறைக்கு ஏற்றபடி அன்றே காசாகக் கொடுப்பதற்குக் கைக்காசு என்று பெயர். கொப்பிக்கும் பேனாவுக்கும் பஸ்ஸுக்கும் அந்தக் காசு. மாணவன் தன் படிப்புக்காகத் தானே தேடிக்கொண்ட பருவகால வேலை என்று மலைநாட்டு வரலாற்றில் முதன்முதலாகச் சொல்லத்தக்கது இதுவே. அதே கொழுந்து, அதே கூடை, அதே கணக்கப்பிள்ளை. ஆனால் திங்கட்கிழமை அவன் பாடசாலைக்குப் போனான். அந்தத் திங்கட்கிழமையில்தான் எல்லாம் இருக்கிறது.

1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. இடையிலே 1974ஐ ஒட்டிய பஞ்சத்தில் லயங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. 1977 முதல் தோட்டப் பாடசாலைகள் அரசாங்கப் பாடசாலைகளாயின. ஸ்வீடன் நாட்டு உதவியோடு கட்டடங்கள் எழுந்தன. தோட்டத்துப் பிள்ளைகளே ஆசிரியர்களாகி வந்தார்கள். சாதாரண தரம், உயர்தரம் என்ற சொற்கள் லயத்தில் வீட்டுச் சொற்களாயின. 1988இலும் 2003இலும் வந்த சட்டங்கள் பிரஜாவுரிமைப் பிரச்னையைத் தீர்த்தன. எல்லாம் தாமதமாக வந்தன, ஆயினும் வந்தன. பதினாறு வயதில் கையில் புத்தகத்தோடு நிற்கும் பிள்ளை, மலைநாட்டில் ஓர் அதிசயமாக இல்லாமல், வழக்கமாகியது இந்த நாற்பது ஆண்டுகளுக்குள்தான்.

அப்பிள்ளை இப்போது எங்கே வேலை தேடுகிறது?

முதலாவது, இன்னும் தாயின் கூடைக்குள்தான். ஏப்ரல், மே மாதங்களில் மழை தொட்டதும் கொழுந்து பொங்கும். 2021 மார்ச்சில் நாட்கூலி ஆயிரம் ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டபின் பல தோட்டங்களில் ஒரு பேருக்கு வேண்டிய கிலோ அளவை உயர்த்தினார்கள். எட்டாதவளுக்கு அரைப்பேர் என்றார்கள். ஆயிரம் ரூபாய் சட்டத்தில் இருந்தது. ஐந்நூறு ரூபாய் கையில் இருந்தது. அத்தகைய காலங்களில் பாடசாலை விட்டு வரும் பெண்பிள்ளை புத்தகப் பையை வைத்துவிட்டு மலைக்கு ஓடுகிறாள். தாயின் கூடைக்கு இரண்டு கிலோ சேர்க்கிறாள். எந்தச் செக்ரோலிலும் அவள் பெயர் இல்லை. எந்தத் தொழில் அதிகாரியின் கண்ணிலும் அவள் தொழிலாளி அல்லள்.

“நேற்று ஏன் வரவில்லை, தங்கச்சி?”

“கொழுந்து கூடிப்போச்சு சேர். அம்மாவுக்கு ஒத்தாசைக்குப் போனேன்.”

தோட்டப்புறத்தில் படிப்பிக்கின்ற ஆசிரியர் எவருக்கும் இந்த விடை புதிதன்று. ‘ஒத்தாசை’ என்ற சொல்லைக் கவனியுங்கள். அது வேலை என்ற சொல்லைவிட மென்மையானது. ஆகவே எந்தச் சட்டமும் அதைப் பிடிப்பதில்லை.

இரண்டாவது, நுவரெலியாவின் ஏப்ரல். கொழும்பு வெயிலுக்கு அஞ்சிய வெள்ளையர்கள் மலையேறி வந்து தங்கிய வழக்கத்திலிருந்து பிறந்தது இந்த வசந்த காலக் கொண்டாட்டம். 1870களில் ஆளுநர் கிரகரி ஏரியை வெட்டினார். குதிரைப் பந்தயத் திடல் வந்தது. 1889இல் கோல்ப் சங்கம் வந்தது. அன்று துரைக்குப் பின்னே பந்துப் பை சுமந்து நடந்தவன் அந்த ஊர்ப் பையன். துரை போய்விட்டான், ஏப்ரல் போகவில்லை. சித்திரைப் புத்தாண்டை ஒட்டிக் கொழும்பின் பணம் இப்போதும் மலையேறுகிறது. அதே வாரங்களில் பாடசாலைக்கும் தவணை விடுமுறை. ஏரிக்கரையில் மட்டக்குதிரையின் கயிற்றைப் பிடித்து நடப்பவன், சோளம் அவிப்பவன், விடுதியில் கம்பளி மடிப்பவன், மோட்டார் வண்டிகளை நிறுத்த இடம் காட்டி விசிலடிப்பவன், இவர்களில் பலர் பத்தாம் வகுப்பு, பதினோராம் வகுப்பு மாணவர்கள். குற்றம் சொல்ல ஒன்றும் இல்லாத வேலை என்றே சொல்வேன். மூன்று வாரம், பிறகு முடிந்துவிடும். கையில் ஒரு சோடிச் சப்பாத்துக்குக் காசு. கந்தப்பளை, இராகலைப் பக்கத்து மரக்கறித் தோட்டங்களில் கரட் கழுவி மூட்டை கட்டும் வேலை அப்படியன்று. அதற்கு விடுமுறை முடிவதில்லை. விடியற்காலை லொறிக்குச் சரக்கு ஏற வேண்டும். பனிக்காலத்து ஓடைத் தண்ணீரில் முழங்கை வரை நனைந்து நின்ற பிள்ளை எட்டு மணிக்கு வகுப்பில் பேனா பிடிக்கும் விரலைப் பார்த்தால் தெரியும்.

மஸ்கெலியாப் பக்கத்தாருக்கு மற்றொரு பருவம் உண்டு. மார்கழிப் பூரணையிலிருந்து வைகாசிப் பூரணை வரை சிவனொளிபாத மலைக்கு யாத்திரைக் காலம். நல்லதண்ணியிலிருந்து மேலே படி நெடுகத் தேநீர்க் கடைகள். கீழிருந்து மேலே ஒவ்வொரு சீனி மூட்டையும் ஒவ்வொரு சோடாப் பெட்டியும் மனிதத் தலைமீதுதான் ஏற வேண்டும். யாத்திரிகர் இரவில் ஏறுவர். விடியலில் சூரியனைக் கண்டு இறங்குவர். ஆகவே வேலையும் இரவில்தான். வெள்ளிக்கிழமை மாலை போன மாணவன் திங்கட்கிழமை காலை வகுப்பின் கடைசி வாங்கில் வந்து உட்கார்கிறான். ஒரே மலையைச் சிலர் புண்ணியத்துக்காக ஏறுகிறார்கள். இவன் பரீட்சைக் கட்டணத்துக்காக ஏறுகிறான். நான் முன்பு சொன்ன பிற்பகல் மூன்று மணித் தூக்கம் இங்கே காலை எட்டு மணிக்கு வருகிறது.

எல்லாவற்றிலும் பெரியது கொழும்பு. தீபாவளிக்கு முந்திய வாரங்களில் புறக்கோட்டைப் புடைவைக் கடைகளுக்கு ஆள் வேண்டும். சாதாரண தரப் பரீட்சை முடிந்தபின், பெறுபேறு வருமட்டும் பல மாதங்கள் மாணவனுக்கு வேலையில்லை. இந்த இரண்டும் சேர்ந்து ஹட்டன் புகையிரத நிலையத்தை ஒவ்வோராண்டும் நிரப்புகின்றன. வேலை எப்படிக் கிடைக்கிறது? விளம்பரத்தாலன்று. லயத்து அண்ணன் ஒருவன் ஏற்கனவே அந்தக் கடையில் இருக்கிறான். “தம்பி ஒருத்தனைக் கூட்டிவா” என்று முதலாளி சொல்கிறார். அவன் கூட்டிப் போகிறான். பெரும்பாலும் நல்லெண்ணத்தோடுதான். ஆனால் வீட்டு வேலைக்குப் பெண்பிள்ளைகளைச் சேர்க்கும் தரகன் வேறு வகையானவன். பெற்றோர் கையில் முற்பணம் கொடுத்து, கடனாக எழுதிக்கொண்டு, பிள்ளையைக் கூட்டிப்போகிறான். கடனை எழுதிய துண்டுச் சீட்டோடு ஆளைக் கைமாற்றிய பழைய முறை 1921இல் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. கங்காணி ஒழிந்தானா? வேட்டியை மாற்றிக்கொண்டு கைத்தொலைபேசி வைத்திருக்கிறான். 2021 ஜூலையில், வீட்டு வேலைக்கென்று தலைநகருக்குப் போன மலையகத்துச் சிறுமி ஒருத்தி தீக்காயங்களோடு மருத்துவமனையில் இறந்தாள். வயது பதினாறு. மலைநாட்டில் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். நாடே சில வாரங்கள் பேசிற்று.

அவள் இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன், அதே 2021இன் தொடக்கத்தில், வேலைக்கு வைக்கத்தக்க குறைந்தபட்ச வயதைப் பதினான்கிலிருந்து பதினாறாக உயர்த்திச் சட்டம் திருத்தப்பட்டிருந்தது. கட்டாயக் கல்வி வயது அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே, 2016இல், பதினாறாகியிருந்தது. 1920களின் இரண்டு கதவுகளை நினைத்துப் பாருங்கள். அன்று பத்து வயதில் ஒன்றாகப் பொருத்தப்பட்டவை இன்று பதினாறில் ஒன்றாகப் பொருத்தப்பட்டிருக்கின்றன. ஆறு ஆண்டுகளைப் பெற ஒரு நூற்றாண்டு சென்றது. ஆறு ஆண்டுகள் சிறிய வெற்றியல்ல. அதற்காகப் போராடியவர்களை வணங்கத்தான் வேண்டும். ஆனால் சாதாரண தரப் பரீட்சையும் பதினாறு வயதில்தான் வருகிறது. பரீட்சை மண்டபத்துக்குள் நுழைய அடையாள அட்டை வேண்டும் என்பதால், பாட்டன் காலத்தில் கிடைக்காத அந்த அட்டையைப் பாடசாலையே விண்ணப்பித்து வாங்கிக் கொடுக்கிறது. அதே அட்டைதான் கொழும்புக் கடைக்காரர் முதலில் கேட்பதும்.

பிள்ளை வேலைக்குப் போகலாமா கூடாதா என்று ஆசிரியர் அறைகளில் நடக்கும் வாதத்தில் எனக்கு அதிக ஆர்வம் இல்லை. ஏப்ரலில் குதிரைக் கயிறு பிடித்த பையன் மே மாதம் வகுப்பில் இருக்கிறானா என்பதே என் கேள்வி. இருந்தால் அவன் மாணவன். அவன் செய்தது பகுதிநேர வேலை. இல்லையென்றால் அவனுக்கு நாம் எந்தப் பெயர் வைத்தாலும், அவனுடைய கொள்ளுப்பாட்டியின் பெயர்தான் அது. அவன் திரும்புவதும் திரும்பாததும் அவனுடைய ஒழுக்கத்தைப் பொறுத்ததன்று. தாய்க்கு முழுப்பேர் விழுகிறதா அரைப்பேர் விழுகிறதா என்பதைப் பொறுத்தது. பக்கத்துப் பாடசாலையில் உயர்தர விஞ்ஞான வகுப்பு இருக்கிறதா, அதற்கு ஆசிரியர் இருக்கிறாரா என்பதைப் பொறுத்தது. படிப்பிக்க எவரும் இல்லாத வகுப்புக்கு எதற்காகத் திரும்புவது என்று ஒரு பையன் கேட்டால், நீதி போதனையால் அதற்கு விடை சொல்ல முடியாது.

சாதாரண தரப் பெறுபேறுகள் வெளிவந்து சில வாரங்கள் கழித்துத் தோட்டப்புறப் பாடசாலை அலுவலகம் ஒன்றுக்குள் போய்ப் பார்க்க வேண்டும். மேசை இழுப்பறையில் நாடா கட்டிய ஒரு கட்டுச் சான்றிதழ்கள் கிடக்கும். வந்து கையெழுத்திட்டு வாங்காதவர்களுடையவை. எல்லாம் தோற்றவர்களுடையவை அல்ல. நாலு பாடம், ஐந்து பாடம் விசேட சித்தி பெற்றவர்களும் அதில் இருப்பார்கள். அலுவலகப் பிள்ளையைக் கேட்டால், “அவன் கடைக்குப் போயிட்டான் சேர்; தீபாவளிக்கு வருவான், அப்ப வாங்கிக்குவான்” என்று சொல்லி இழுப்பறையை மூடுவாள்.